இருவராக நெடுநடை: திருகோணமலையிலிருந்து சந்தியாகோவுக்கு ஆயத்தமாதல்

சந்தியாகோ என்னும் யாத்திரைத் தலத்தை நோக்கி ஸ்பெயினில் நாங்கள் நடந்த இரண்டாம் நாள் மாலை, என் மச்சாள் ஒரு கிராமத்து விடுதியின் வாசலில் கிடந்த கல் இருக்கையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். உள்ளே கட்டில் இருந்தது, அவர் கையில் பணமும் இருந்தது. ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதியாமல் அந்நாட்டு விடுதிகள் ஒருவரையும் தங்கவிடுவதில்லை. அவருடைய கடவுச்சீட்டோ என் பையின் உள்ளறையில், என்னுடையதோடு சேர்த்து ஒரே பொலித்தீன் உறைக்குள் இருந்தது. நான் ஐந்து கிலோமீற்றர் பின்னால், முழங்காலைப் பிடித்துப் பிடித்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வீட்டுப் பத்திரங்களை ஒருவர் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற நம் ஊர்ப் பழக்கத்தை நான் அப்படியே அங்கேயும் கொண்டுபோயிருந்தேன். மச்சாள் ஏசவில்லை. கடவுச்சீட்டை வாங்கித் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, "இனி நான் துலைஞ்சாலும் என்ர பேரோட துலைவன்" என்று மட்டும் சொன்னார்.

துணையோடு நெடுநடை போக நினைப்பவர்கள், அதிலும் எங்களைப் போல ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், எதை எப்போது ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை எழுத உட்கார்ந்தபோது அந்தக் கல் இருக்கைதான் முதலில் நினைவுக்கு வந்தது. இருவராகப் போவதென்றால் எல்லாவற்றையும் பாதி பாதியாகச் சுமக்கலாம் என்று நினைத்துத்தான் புறப்பட்டோம். நடந்து முடித்தபின் சொல்வதானால், அந்த ஆயத்தத்தின் பெரும்பகுதி இருவரும் ஒருவரையொருவர் விட்டு ஒரு பகல் முழுவதும் நடக்கக்கூடியவர்களாக ஆவதுதான். பையும் சப்பாத்தும் அதற்குப் பிறகே வருகின்றன.

வழியும் காலமும்

நாங்கள் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் தொடங்கி நடந்தது புனித யாகப்பரின் வழி. வடபுலத்துக் கத்தோலிக்கர் சந்தியோகுமையோர் என்று அழைக்கும் அதே அப்போஸ்தலருடைய கல்லறை, ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரப் பேராலயத்தில் இருப்பதாக நம்பப்படுகிறது. அங்கே போகும் பல பாதைகளுள் மிகுதியானோர் நடப்பது 'பிரெஞ்சு வழி' எனப்படுவது. அது பிரான்சின் எல்லையோர ஊரான சென் ஜோன் பியே த போரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து, பம்ப்லோனா, லொக்ரோஞ்ஞோ, புர்கோஸ், லெயோன் ஊடாகச் சுமார் 780 கிலோமீற்றர் மேற்கே போகிறது. முப்பது முதல் முப்பத்தைந்து நாள் நடை. வழிநெடுக மதில்களிலும் மரங்களிலும் கற்களிலும் மஞ்சள் அம்புக்குறிகள் உள்ளன. ஒ செப்ரெய்ரோ என்னும் மலைக்கிராமத்தின் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வலீஞ்ஞா 1984இல் தீட்டத் தொடங்கியவை அவை. அவற்றால் தனியாக நடப்பவர் வழி தவறுவது அரிது. பிரிந்த இருவர் மீண்டும் எங்கே சந்திப்பது என்பதே உண்மையான பிரச்சினை.

எங்கள் ஊருக்கு நெடுநடை புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை முல்லைத்தீவு வழியாக இறங்கி, கோணேசரை வணங்கி, வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாகத் தெற்கே சென்று, உகந்தையிலிருந்து குமண, யால காடுகளைக் கடக்கிறது. அந்தக் காட்டுப் பகுதியை மச்சாளும் நானும் ஒருமுறை நடந்திருக்கிறோம். அந்த அனுபவம் எங்களுக்குப் பாதி உதவியது, பாதி ஏமாற்றியது. அங்கே வேல் தாங்கி முன்னே போகிறவர் நிற்கும் இடத்தில் எல்லோரும் நிற்கிறோம். அன்னதானம் எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். வெறுங்காலோடு அல்லது பாட்டாச் செருப்போடு நடக்கிறோம். சந்தியாகோ வழியில் தலைவர் இல்லை. எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, இன்றைக்கு எவ்வளவு தூரம் என்பதை இருவரும் ஒவ்வொரு நாளும் தாங்களே தீர்மானிக்க வேண்டும். களைத்த இருவர் தீர்மானிக்கும்போது சண்டை வருவது இயல்பு.

காலத்தைத் தெரிவுசெய்யும்போது இரண்டு ஊர்களின் பருவங்களையும் சேர்த்துப் பாருங்கள். பிரனீஸ் மலையின் உயரமான பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்படுகிறது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் புர்கோசுக்கும் லெயோனுக்கும் இடைப்பட்ட மேட்டுச் சமவெளியில் நிழல் கிடையாது, விடுமுறைக் கூட்டமும் அதிகம். புனிதரின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டுகள் புனித ஆண்டுகள், அடுத்தது 2027. அந்த ஆண்டில் கட்டில் கிடைப்பது சிரமமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். எஞ்சுவது ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்ரெம்பரும் ஒக்டோபர் முற்பகுதியும். திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு முன்னதே நல்லது என்பது என் கருத்து. செப்ரெம்பரில் போவதானால் பயிற்சியின் முக்கிய மாதங்கள் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றில் போகும். நாக்கு வறண்டு, எட்டு மணிக்கே வீடு திரும்ப வேண்டிவரும். ஏப்ரலில் போவதானால் ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் பரிசோதனைக் களமாகிறது. மழை அங்கியின் தையல் எங்கே ஒழுகுகிறது, நனைந்த சப்பாத்து காய எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்பதையெல்லாம் நவம்பரில் உட்துறைமுக வீதியில் ஒரு மணித்தியாலம் நடந்தாலே அறிந்துவிடலாம்.

இருவருக்குமிடையே ஓர் ஒப்பந்தம்

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே இருவரும் சேர்ந்து ஒரு நீண்ட நடை நடந்து பாருங்கள். நாங்கள் நடந்தது நகரப் பஸ் நிலையத்தடியிலிருந்து நிலாவெளிக்கு. விடியற்காலை நாலரைக்குச் சேர்ந்து புறப்பட்டோம். உப்புவெளி போர் மயானத்தைத் தாண்டும்போதே மச்சாள் என் கண்ணுக்கெட்டாமல் போய்விட்டார். நான் நிலாவெளியில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் பாணும் சம்பலும் முடித்து, இரண்டாவது தேநீரின் பாதியில் இருந்தார். முப்பத்தைந்து நிமிட வித்தியாசம். திரும்பி வரும்போது பஸ்ஸில், இனி அவர் மெதுவாக வருவதா, நான் விரைவாக நடப்பதா என்று கதைத்தோம். அடுத்த கிழமை இரண்டையும் செய்து பார்த்தோம். நான் அடியை நீட்டி வைத்ததில் எனக்கு முன்னங்கால் எலும்பில் நோவு. அவர் அடியைக் குறுக்கியதில் அவருக்கு இடுப்பில் நோவு. ஒருவருடைய இயல்பான நடையை இன்னொருவருக்காக ஒரு மணித்தியாலம் மாற்றலாம், ஒரு மாதம் மாற்ற முடியாது என்பது அதோடு தெளிவாயிற்று.

ஆகவே பிரிந்து நடப்பதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டோம். அதை ஒரு கொப்பித்தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். வேடிக்கையாகத்தான் இட்டோம், ஆனால் மூன்றாம் கிழமையில் அந்தத் தாள் உண்மையாகவே வெளியே எடுக்கப்பட்டது. காலையில் புறப்படுமுன் இரண்டு இடங்களைப் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்வது: முற்பகலில் சந்திக்கும் கிராமம், இரவு தங்கும் கிராமம். முன்னே போகிறவர் முற்பகல் கிராமத்துக்குள் நுழையும்போது வழியில் வரும் முதற் கோப்பிக்கடையில், வெளியே தெரியும்படி பையை வைத்து உட்கார்ந்திருப்பது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்திலும் நகரங்களின் நுழைவாயிலிலும் காத்திருப்பது. தொலைபேசி இயங்காமற்போனால் மாலை ஆறு மணிக்கு இரவுக் கிராமத்தின் தேவாலய வாசலில் நிற்பது. தேவாலயம் இல்லாத கிராமத்தை நாங்கள் அவ்வழியில் காணவில்லை. கடவுச்சீட்டு, காப்புறுதிப் பத்திரம், வங்கி அட்டை, ஒரு நாளுக்குப் போதுமான காசு, தண்ணீர், மருந்து, ரோர்ச் ஆகியவற்றை அவரவர் தம் உடம்போடு வைத்திருப்பது என்ற விதி மட்டும் அத்தாளில் முதலில் இருக்கவில்லை. அதை இரண்டாம் நாள் இரவு மச்சாள் தன் கையெழுத்தில் சேர்த்தார்.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். உறவினர்களுக்கிடையே கணக்குப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து விட்டுவிட்டால், யார் நேற்றுக் கோப்பிக்குக் கொடுத்தார் என்பது பத்தாம் நாளில் மனத்தில் முள்ளாகக் குத்தும். நாங்கள் கையாண்டது பொதுப்பை முறை. காலையில் ஒவ்வொருவரும் 35 யூரோவை ஒரு சின்னத் துணிப்பையில் போடுவோம். கட்டில், சாப்பாடு, கோப்பி எல்லாம் அதிலிருந்து. ஊராட்சி நடத்தும் விடுதிகளில் கட்டிலொன்று பெரும்பாலும் 10 முதல் 15 யூரோ வரை இருந்தது. மாலையில் மிஞ்சியது அடுத்த நாளுக்கு. பை ஒருவரிடமே இராமல் ஒருநாள் விட்டு ஒருநாள் கைமாறியது. உறவினருக்கு வாங்கும் பரிசு, மருந்து, தனியறை ஆசை ஆகியவை அவரவர் சொந்தப் பணம்.

ஒருவருக்கு முடியாமற்போனால் மற்றவர் என்ன செய்வது என்பதை ஊரில், நல்ல உடம்போடு இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். 'நீ இல்லாமல் நான் போகமாட்டேன்' என்பது கேட்க இனிமையான சொல். ஆனால் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய பாரம். நாங்கள் எழுதியது இது: மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை என்றால் இருவரும் நிற்பது, ஓய்வு மட்டும் போதுமென்றால் முடியாதவர் பஸ்ஸில் முன்னே போய் ஒரு பெரிய ஊரில் காத்திருப்பது, மற்றவர் நடந்து வந்து சேர்வது. சாந்தோ தொமிங்கோ என்ற ஊரில் மச்சாளின் வலது கணுக்காலுக்கு மேலே வீங்கி, மூன்று நாள் நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, அந்தக் கொப்பித்தாளை விரித்து வைத்தோம். அன்று பிற்பகலே அவர் பஸ்ஸில் புர்கோசுக்குப் போனார். மூன்றாம் நாள் நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது, அவர் அந்நகரில் எந்தக் கடையில் பருப்பு வாங்கலாம் என்பது வரை அறிந்து வைத்திருந்தார்.

சிறிய விடயங்களையும் தவிர்க்காதீர்கள். யார் குறட்டை விடுவார், யார் எத்தனை மணிக்கு எழும்புவார், காலையில் தேவாரம் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும், சைவச் சாப்பாட்டில் எவ்வளவு கட்டாயம் என்பவை நல்ல உறவையும் கசக்கச் செய்யும். எங்களிடையே மிகவும் உதவிய விதி ஒன்று இருந்தது: பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு, சாப்பிடும் வரை, எந்த முடிவையும் எடுப்பதில்லை.

பத்திரங்கள்

இதில் நேரம் அதிகம் போகும். எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பிரான்சும் ஸ்பெயினும் ஷெங்கன் வலயத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே விசா போதும்; அதிக நாட்கள் தங்கும் நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அது ஸ்பெயின். குறுங்கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னராகவும், 15 நாளுக்குக் குறைவாகவும் விண்ணப்பிக்க முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், வலயத்தை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவையும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்க வேண்டும். மலைப்பாதை நடையையும் உங்கள் வயதையும் அது உள்ளடக்குகிறதா என்பதைச் சிறிய எழுத்துகளில் தேடிப் பாருங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை. வவுனியாவிலும் குடிவரவுத் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது.

நம்மவர்களுக்கே உரிய தொல்லை பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னே, அடையாள அட்டையில் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் கணவர் பெயரோடு என்று ஒரே பெண் மூன்று பேராக நிற்பார். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றில் ஒவ்வொருவிதமாக இருக்கும். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இருபெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களையும் காணி உறுதியையும் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெறுங்கள். விமானச்சீட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும்.

இருவர் ஒன்றாகப் போனாலும் விண்ணப்பங்கள் இரண்டு. ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படலாம். அப்படியானால் கிடைத்தவர் தனியே போவாரா என்பதையும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். அது முடிவாகும் வரை பணம் திரும்பக் கிடைக்காத விமானச்சீட்டை வாங்காதீர்கள். தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். ஊராட்சி விடுதிகள் பெரும்பாலும் முன்பதிவை ஏற்பதில்லை என்பதால், கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய தனியார் விடுதிகளை ஒரு நாட்குறிப்பாக வரிசைப்படுத்தி, இருவர் பெயரும் தெரியும்படி பதிந்து வையுங்கள். விரலடையாளம் கொடுக்க இருவருக்கும் ஒரே நாளில் நேரம் வாங்கினால் கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம் மிச்சம்.

யாத்திரிகர் அட்டை எனப்படும் மடிப்புத்தாளை ஆளுக்கொன்றாகச் சென் ஜோனிலேயே சில யூரோவுக்கு வாங்கலாம். விடுதிகளிலும் தேவாலயங்களிலும் கோப்பிக்கடைகளிலும் அதில் முத்திரை குத்துவார்கள். நடந்து குறைந்தது 100 கிலோமீற்றர் முடித்தவருக்கே சந்தியாகோவில் சான்றிதழ். கடைசி 100 கிலோமீற்றரில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரையாவது வேண்டும். பிரிந்து நடப்பவர்கள் இதை மறக்கக்கூடாது, ஏனெனில் ஒருவருடைய முத்திரை மற்றவருக்கு உதவாது.

காலும் மலையும்

திருகோணமலைக்காரருக்குத் தூரம் பெரிய தடையல்ல, இறக்கம்தான் தடை. முதல் நாளிலேயே சென் ஜோனின் சுமார் 170 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றருக்கு ஏறி, பிறகு நான்கைந்து கிலோமீற்றருக்குள் ரொன்செஸ்வால்யெஸ் மடத்தின் சுமார் 950 மீற்றருக்கு இறங்க வேண்டும். மொத்தம் 25 கிலோமீற்றர் அளவில். ஏறுவதில் மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்குவதில் தொடைத் தசையும் முழங்காலும் அடிவாங்கும், அது நின்றாலும் அடங்காது. என் முழங்கால் போனது ஏற்றத்தில் அல்ல. ஆகவே நகரில் இருக்கும் ஒரு மேட்டைப் பயன்படுத்துங்கள்: பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை, மான்களுக்கு நடுவே, பையோடு ஏறி இறங்குவது. முதற் கிழமை மூன்று தடவை, பிறகு பத்து வரை கூட்டுங்கள். ஏறும்போது விரைவாகவும் இறங்கும்போது சின்ன அடிகளாகவும் நடந்து பழகுங்கள். டச்சு வளைகுடாக் கரையின் மணலில் நடப்பது கெண்டைக்காலுக்கு நல்லது, ஆனால் அது மலைக்கு மாற்றாகாது.

புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பாக மலைநாட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையில் பருவகாலம் மார்கழிப் போயா (முழுமதி நாள்) முதல் வெசாக் போயா வரை. அங்கே ஏறுவதைவிட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்குவதே உங்களுக்கான பாடம். நேரமிருந்தால் கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் பெக்கோ நடைபாதையில் மூன்று, நான்கு பகுதிகளைத் தொடர்ந்து நடவுங்கள். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அப்பாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் நடப்பதுதான் முக்கியம்: நேற்றைய நோவோடு இன்று எழும்பி நடக்க உடம்பு ஒத்துழைக்கிறதா, இருவரும் நோவோடு இருக்கும்போது எப்படிக் கதைக்கிறீர்கள் என்பது ஒருநாள் நடையில் தெரியாது.

காலைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயுள் முழுவதும் செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த நம் குதிக்கால் தோல் தடித்து, வெடித்து இருக்கும். அதை ஒரு பலமாக நினைக்கிறோம். மூடிய சப்பாத்துக்குள் அது பலவீனம். வியர்வையில் ஊறிய தடித்த தோலுக்குக் கீழே கொப்புளம் எழும்பினால் அது மேலே வராது, உடையாது, ஒவ்வோர் அடியிலும் உள்ளேயே பிதுங்கும். எனவே நான்கு மாதம் முன்பிருந்தே, குளித்தபின் கல்லால் சிறிது சிறிதாகத் தேய்த்து, இரவில் தேங்காயெண்ணெய் பூசி, தோலை மென்மையாக்குங்கள், ஒரேயடியாகச் சீவாதீர்கள். சப்பாத்தைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கப்போகும் காலுறையைப் போட்டுக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் இருக்கும்படி வாங்குங்கள். புதிய சப்பாத்தோடு விமானம் ஏறவேண்டாம். 150 கிலோமீற்றராவது ஊரில் நடந்திருக்க வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெல்லிய கம்பளிக் காலுறை நல்லது. நடக்கும்போது ஓரிடத்தில் சூடாக உறைக்கத் தொடங்கினால் அந்த நிமிடமே நின்று, காலுறையைக் கழற்றி, உலர்த்தி, பிளாஸ்ரர் ஒட்டுங்கள். மற்றவர் முன்னே போய்விட்டாரே என்று அடுத்த கிராமம் வரை பொறுப்பதால் வருவதே பெரும்பாலான கொப்புளம்; பிரிந்து நடக்கும் ஒப்பந்தம் இருந்தால் அந்த அவசரம் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் போகுமுன் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைப் பரிசோதித்து, ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலை ஒருவர் மற்றவருக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பை, உணவு, மருந்து

பையின் நிறை, தண்ணீரைத் தவிர்த்து, உடம்பின் நிறையில் பத்திலொன்றைத் தாண்டக்கூடாது. மச்சாள் 54 கிலோ. அவருடைய பையைச் சந்தியிலுள்ள பலசரக்குக் கடைத் தராசில் வைத்தபோது 9 கிலோ காட்டியது. ஊறுகாய்ப் போத்தல், இரண்டு பஞ்சாபி, பெரிய துவாய், முழு நீளச் சவர்க்காரக் கட்டி ஆகியவை கடை மேசையில் ஒவ்வொன்றாக இறங்கின. கறித்தூள் 100 கிராம் மட்டும் மன்னிக்கப்பட்டது. உடுப்பு இரண்டு சோடி போதும், ஒன்று உடம்பில், ஒன்று பையில். மாலையில் தோய்த்தது காலைக்குள் காய வேண்டுமென்பதால் பருத்தி வேண்டாம். குளிரை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் மலையில் காலைக் குளிர் 5 பாகைக்கு அருகே போகும். ஒரு தடித்த சுவெற்றரைவிட ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய மேலாடை, கையுறை, தொப்பி என்று எடுங்கள். மேற்கே நடப்பதால் வெயில் பிற்பகல் வரை முதுகிலும் இடப்பக்கத்திலும் விழும். என் இடது காது மட்டும் தோலுரிந்தது. அகன்ற விளிம்புத் தொப்பி எடுத்துச் சென்ற மச்சாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மே மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், விடுதிகளோ பத்து மணிக்கு விளக்கணைத்துவிடும்; கண்மூடியும் காதடைப்பானும் கிராம் கணக்கில்தான் வரும், மறக்க வேண்டாம்.

இருவர் என்பதால் எதைப் பகிரலாம்? மாலையில் சந்திக்கும் வரை தேவைப்படாததை மட்டும்: தோய்க்கும் சவர்க்காரம், கொடிக்கயிறு, நகவெட்டி, கறித்தூள். மற்றவை ஆளுக்கொன்று. சுமக்க முடியாத நாளில் பையை அடுத்த ஊருக்கு அனுப்பும் சேவை உண்டு, ஸ்பெயின் அஞ்சல் நிறுவனமே அதை நடத்துகிறது. அதில் கடவுச்சீட்டையும் மருந்தையும் வைக்காதீர்கள்.

சைவர்களுக்கு: 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைச் சீவல்களும் மீனும் இறைச்சியல்ல என்று நினைத்துப் போட்டுவிடுவார்கள். அவற்றையும் பெயர் சொல்லி விலக்கும் ஸ்பானிய வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்துக் காட்டுங்கள். பருப்புக் கஞ்சி போன்ற சூப்புகளிலும் பன்றிக்கொழுப்பு இருக்கக்கூடும். முட்டை சாப்பிடுபவருக்கு உருளைக்கிழங்கு முட்டைப்பொரியல் எங்கும் கிடைக்கும். பல விடுதிகளில் சமையலறை உண்டு. அரிசியும் பருப்பும் கடையில் உண்டு. ஆனால் கலீசியா மாகாண அரச விடுதிகளில் அடுப்பு இருக்கும், சட்டி இராது. சிற்றூர்க் கடைகள் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரையும் ஞாயிறுகளிலும் மூடிக்கிடக்கும். கரியோன் தெ லொஸ் கொந்தெஸ் என்ற ஊருக்குப் பின் 17 கிலோமீற்றருக்குக் கிராமமே இல்லை. அங்கே ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரோடு புறப்பட வேண்டும்.

மருந்துச்சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பயணம் முழுவதற்குமான மருந்தைக் கைப்பையில் வையுங்கள், அதில் ஒரு கிழமைக்கானதை மட்டும் மற்றவர் பையில். பனடோலும் ஜீவனி உப்புச்சர்க்கரைத் தூளும் சித்தாலேபத் தைலமும் ஆளுக்குச் சிறிதளவு. அவசர அழைப்பு இலக்கம் அங்கே எங்கும் 112.

வீட்டாருக்கு ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். கோடையில் ஸ்பெயின் நேரம் நம் நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னே நிற்கிறது. அங்கே மாலை ஐந்துக்கு ஒரு செய்தி அனுப்பினால் இங்கே இரவு எட்டரை. நாங்கள் இருவரும் தனித்தனியே அனுப்பினோம். ஒருவர் மட்டும் அனுப்பிய நாளில் மற்றவருக்கு என்ன நடந்தது என்று மச்சாளின் மகன் மூன்று தடவை அழைத்தான். அவர் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தபடி நித்திரையாகியிருந்தார்.